விலாசத்தில் இல்லாத பெயர்

மேற்கு ஜெர்மனி
14.10.1973

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

அய்யம்பெருமாள் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். ஏரோப்ளேன் ஏறியதில் காது மட்டும் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அப்பா எப்படி இருக்கிறார்? அரியலூர் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அவர் என்னைப் பார்க்காமல் என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து அழுதாரா? மறைக்காமல் எழுது.

இது கடலோர ஊர். என் ஜன்னலுக்கு எதிரே கப்பல்கள் வந்து நிற்கின்றன. இந்த உலகப் பொருளாதார ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் இங்கே பாடம் குறைவு. எந்த நாடு எதை விற்கிறது, எதை வாங்குகிறது, வாங்குவதைத் திடீரென்று நிறுத்தினால் யார் வயிற்றில் அடி விழுகிறது என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் வேலை. சிலோன்காரன் நம் சின்ன வெங்காயத்துக்குக் கதவைச் சாத்தினானே, அதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் பொருள். இரண்டு வருஷத்தில் எழுதி முடிக்க வேண்டும். இவ்வளவு பெரிய கட்டடத்தில் இந்தியாக்காரன் நான் ஒருவன்தான். தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

விலாசத்தை அட்டையில் எழுதி அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயர் வரவேண்டும். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு தரம் எழுதிப்பார். எனக்கு ஏதாவது ஆனால் உடனே கடிதம் போட்டுத் தெரிவிக்கிறேன்.

உன் அன்பு,
அய்யம்பெருமாள்

பாடாலூர்
6.11.1973

அன்புள்ள அத்தானுக்கு,

அம்சவள்ளி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் வந்த அன்று மழையும் வந்தது. இரண்டுமே நல்லபடியாக இறங்கின. அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? காது திறந்ததா?

ஆயுசு விஷயத்தில் விளையாட்டுப் பேச்சு வேண்டாம். உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. மாமா இருக்கும்போது எனக்கென்ன கவலை? அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அவர்தான் உறையில் எழுதுகிறார். நான் கடிதம் எழுதுவதைவிட அவர் விலாசம் எழுத அதிக நேரமாகிறது. எழுதி முடித்ததும் தெருவில் நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்க்கிறார். டீக்கடையில் யாரோ, "செல்லக்கண்ணு, ஒம் மவன் அங்க என்னதான் பண்றான்?" என்று கேட்டதற்கு, "ஒலகம் பூராவுக்கும் வரவு செலவு பாக்குறான்டா" என்று சொன்னாராம்.

ஸ்டேஷனிலிருந்து வந்து அவர் அழவில்லை. அன்று மட்டும் சாப்பிடவில்லை. இப்போதும் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை, கஞ்சிதான். கேட்டால் "பித்தம்தான், வுடு" என்கிறார்.

விலை வரட்டும் என்று பட்டறையில் குவித்து வைத்த வெங்காயம் அடியில் அழுகத் தொடங்கிவிட்டது. அந்த வாடை அங்கே வரை வந்தால் உங்கள் ஆராய்ச்சிக்கு உதவியாக இருக்கும்.

தங்கள்,
அம்சவள்ளி

மேற்கு ஜெர்மனி
9.1.1974

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

பொங்கலுக்குள் இது வந்து சேருமா என்று தெரியவில்லை. வந்தால் கரும்பு கடிக்கும்போது என்னை நினைத்துக்கொள். உடம்பு தேவலை. அப்பாவின் பித்தம் தெளிந்ததா? பெரம்பலூரில் யாராவது டாக்டரிடம் காட்டுங்கள்.

அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்ததில் இங்கே எல்லோரும் ஆடிப்போய்விட்டார்கள். போன நவம்பர், டிசம்பரில் சில ஞாயிற்றுக்கிழமைகள் யாரும் கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பெரிய ரோட்டில் குழந்தைகள் உருண்டு விளையாடின. ஒரு நாடு கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று நம் பாடாலூர்க்காரனுக்குத் தெரிந்தது இவர்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

நாளெல்லாம் நூலகத்தில் இருக்கிறேன். அங்கே லோரென்சன் அம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் அச்சடித்து அனுப்பும் காகிதங்களுக்கு அவர்தான் காவல். எந்தத் தாள் வந்தாலும் முத்திரை குத்தி, எண் போட்டு, பெட்டியில் வைத்துவிடுவார். தூக்கிப்போடுவது என்பதே இங்கே கிடையாது. நம் ஊர் சினிமா நோட்டீஸ் வந்தாலும் எண் விழுந்துவிடும்.

கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்கு வர அனுமதி கேட்டிருக்கிறேன். அப்பாவிடம் இப்போதே சொல்லாதே. கிடைத்த பிறகு சொல்லலாம்.

உன் அன்பு,
அய்யம்பெருமாள்

பெரம்பலூர்
18.2.1974

அன்புள்ள அத்தானுக்கு,

இதைப் பெரம்பலூர் போஸ்டாபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மருந்து வாங்கி வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நன்றாக இல்லை.

மாமாவுக்கு வந்தது பித்தமில்லை. வயிற்றில் கட்டி, புற்று. திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அறுத்துப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வைகாசி தாண்டினால் பெரிது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாமாவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. வரும் வழியில் என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவனுக்கு ஒரு வார்த்தை போவக்கூடாது. நம்ம தெருவுல ஏரோப்ளேன் ஏறிப் படிக்கப் போனவன் அவன் ஒருத்தன்தான். எனக்காவ பாதியில திரும்பி வந்தான்னா நான் மண்ணுக்குள்ளயும் நிம்மதியா படுக்க மாட்டேன்" என்றார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். பாவம் என்னோடு போகட்டும். பிள்ளை முகம் பார்க்காமல் அவரை அனுப்ப என்னால் முடியாது.

வாருங்கள். எப்படியாவது வாருங்கள்.

உங்கள் கடிதங்களை மாமாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுகிறேன். அதனால் நேரடியாக எதுவும் எழுதாதீர்கள். வருவதாக இருந்தால் "ஊர் மாம்பழம் நினைப்பாகவே இருக்கிறது" என்று ஒரு வரி எழுதுங்கள். வர முடியாதென்றால் "குளிர் இன்னும் விடவில்லை" என்று எழுதுங்கள். நான் புரிந்துகொள்வேன்.

உறையில் உங்கள் பெயர் இருக்காது, கோபிக்க வேண்டாம். பாடாலூர் போஸ்ட்மாஸ்டரிடம் எழுதச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மாமா காதுக்குப் போய்விடும். இங்கே யாரையும் எனக்குத் தெரியாது. நானே எழுதலாம் என்று பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. வீட்டில் ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும்போது இன்னோர் உயிரோடு விளையாட எனக்குத் தைரியமில்லை. அட்டையைப் பார்த்து நிலையத்தின் பெயரும் தெருவும் ஊரும் எழுதிவிட்டேன். அங்கே தமிழ் படிக்கிறவர் நீங்கள் ஒருவர்தானே, வேறு யாரிடம் போய்விடும்?

தமிழ்நாடு அரசு என்று இங்கிலீஷில் அச்சடித்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் உள்ளே வைத்திருக்கிறேன். அங்கே நல்ல டாக்டர் யாராவது இருந்தால் காட்டிக் கேளுங்கள். பஸ் வந்துவிட்டது.

தங்கள்,
அம்சவள்ளி

மேற்கு ஜெர்மனி
20.3.1974

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லையே, என்ன கோபம்? அப்பா எப்படி இருக்கிறார்?

நல்ல செய்தி ஒன்று. நம் வெங்காயத்தைப் பற்றி நான் எழுதிய முதல் அத்தியாயத்தை இயக்குநர் படித்துவிட்டு, ஜூன் மாதம் இங்கே நடக்கும் கருத்தரங்கில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பல நாட்டுப் பேராசிரியர்கள் வருகிறார்கள். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார். அதனால் கோடைக்கு ஊர் வரும் எண்ணத்தைத் தள்ளிப்போட வேண்டியதாகிவிட்டது. உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். எனக்கும்தான். என்ன செய்வது, அடுத்த வருஷம் சேர்ந்தாற்போல் வந்துவிடுகிறேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. பங்குனி வந்தும் இங்கே குளிர் இன்னும் விடவில்லை. இரண்டு கம்பளி போர்த்துக்கொண்டு படுக்கிறேன்.

உன் அன்பு,
அய்யம்பெருமாள்

பாடாலூர்
8.4.1974

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உங்கள் கருத்தரங்கு நல்லபடியாக நடக்கட்டும். வேலைதான் முக்கியம்.

மாமா இருக்கிறார். விலாசம் அவர்தான் எழுதுகிறார்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்சவள்ளி

மேற்கு ஜெர்மனி
25.4.1974

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கோடைக்கு வரவில்லை என்ற கோபம் புரிகிறது. திட்டியாவது இரண்டு பக்கம் எழுதக்கூடாதா? உன் திட்டுக்கு நான் ஏங்கிப்போயிருக்கிறேன்.

உறையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அப்பாவின் எழுத்து ஒரு பக்கம் மேலே ஏறுகிறது, ஒரு பக்கம் கீழே இறங்குகிறது. என் பெயரில் இரண்டு எழுத்தைக் காணோம். தபால்காரர் எப்படிக் கண்டுபிடித்தாரோ! அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பெரம்பலூருக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி மாற்றிக்கொடு. வெயிலில் கொல்லை வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் அன்பு,
அய்யம்பெருமாள்

மேற்கு ஜெர்மனி
19.5.1974

அம்சவள்ளி,

தந்தி நேற்று வந்தது. என் அறையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

என் அப்பா எனக்குத் தெரியாமலே போய்விட்டார். ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போகிற நோயா இது? தந்தியில் "நீண்ட நாள் நோய்" என்று இருக்கிறது. நீண்ட நாள் என்றால் எத்தனை நாள்? யாருக்கெல்லாம் தெரியும்? அவர் மறைத்திருப்பார், அவர் குணம் எனக்குத் தெரியும். நீ ஏன் மறைத்தாய்? பக்கத்தில் இருந்து பார்த்தவள் நீதானே. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கருத்தரங்கையும் ஆராய்ச்சியையும் குப்பையில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா? அவருக்கு மண் தள்ளியது யார்? நான் இருக்க வேண்டிய இடத்தில் யார் நின்றார்கள்?

உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

அய்யம்பெருமாள்

பாடாலூர்
5.6.1974

அத்தானுக்கு,

உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கட்டும்.

பங்காளி முறையில் வெள்ளைச்சாமி மண் தள்ளினார். அவரே மொட்டை போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. குறை ஒன்றுமில்லை.

பெரம்பலூர் வரைக்கும் போய், எழுதிச் சொன்னவளைப் பார்த்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஊருக்குப் பதில் சொல்ல அப்படி ஒரு கடிதம் உங்களுக்குத் தேவைப்படுகிறது போலிருக்கிறது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். ஆனால் என்னிடமே நடிக்காதீர்கள். குளிர் விடவில்லை என்று எழுதிய கை உங்களுடையதுதானே?

இந்த உறையில் விலாசம் எழுதிக்கொடுத்தவர் போஸ்ட்மாஸ்டர் வேணுகோபால். இனிமேல் அவர்தான் எழுதுவார்.

அம்சவள்ளி

மேற்கு ஜெர்மனி
2.7.1974

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

நீ உயிரோடு, தைரியத்தோடு இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பத்துத் தரம் படித்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரம்பலூரிலிருந்து எந்தக் கடிதமும் எனக்கு வரவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் நீ எழுதியிருந்தால் உறையில் என் பெயர் இருந்திருக்காது என்று பிறகுதான் உறைத்தது. கீழே தபால் பிரிக்கும் ஆளிடம் போய், பெயர் எழுதாத கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நிலையத்துக்கு வந்ததென்று நூலகத்துக்கு அனுப்பிவிடுவோம்" என்றார். மாடிக்கு ஓடினேன். லோரென்சன் அம்மாள், உங்கள் மொழி எழுத்து எப்படி இருக்கும் என்று கேட்டார். ஒரு தாளில் உன் பெயரை எழுதிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஒரு பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

அதில் உன் கடிதம் இருந்தது, அம்சவள்ளி. முத்திரை குத்தி, எண் போட்டு, "இந்தியா, தமிழ்நாடு அரசு, சுகாதாரம்" என்று சீட்டு ஒட்டி இருந்தது. உள்ளே நீ வைத்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து அரசாங்க வெளியீடு என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்திய மொழிகள் தெரிந்த ஒரு பேராசிரியர் வருஷத்துக்கு ஒரு தரம் வெளியூரிலிருந்து வந்து அந்தப் பெட்டியைப் பார்ப்பாராம். நான் தினமும் உட்கார்ந்து வெங்காயத்தைப் பற்றி எழுதிய மேசைக்குப் பின்னால்தான் அது இருந்திருக்கிறது. என்னைக் கேட்டிருக்கலாமே என்று கத்திவிட்டேன். ஆராய்ச்சியாளர்களை இந்த மாதிரி வேலைக்குத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது விதியாம். அந்த அம்மாள் பாவம், என்னோடு சேர்ந்து அழுதார்.

எண் விழுந்த காகிதத்தை வெளியே கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. என் மனைவி எனக்கு எழுதிய கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு இரவல் வாங்கி வந்திருக்கிறேன்.

குளிர் விடவில்லை என்று நான் எழுதியது, இங்கே குளிர் விடாததால். வேறொன்றும் எனக்குத் தெரியாது. அப்பா மேல் ஆணை. உன் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, அம்சவள்ளி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரையாவது வைய முடிந்தால் தேவலை.

என்னை நம்பு. ஒரு வரி எழுது.

உன்,
அய்யம்பெருமாள்

பாடாலூர்
21.7.1974

அன்புள்ள அத்தானுக்கு,

அம்சவள்ளி எழுதிக்கொண்டது. வேளைக்குச் சாப்பிடுங்கள். நானும் சாப்பிடுகிறேன். இரவல் வாங்கிய கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதை மறுபடியும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நம்புகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. இத்தனை மாதமாக உங்களைக் கல் என்று நினைத்திருந்தேன். உங்கள் போட்டோவைக் கவிழ்த்து வைத்திருந்தேன். கல்யாணம் செய்துகொண்ட நாளை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது நிமிர்த்தி வைத்துவிட்டேன். தப்பு யார் மேலும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குச் சரி. ஆனால் நான் உங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

மாமாவுக்குத் தெரியும். உங்கள் பங்குனிக் கடிதத்தை அவருக்கு வாசித்தேனே, குளிர் விடவில்லை என்ற வரி வந்ததும் என் குரல் உடைந்துவிட்டது. "என்னம்மா பண்ணித் தொலச்ச?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறினதற்கு வைவார் என்று நினைத்தேன். வையவில்லை. "தெரிஞ்சும் வரலன்னா, நான் சொல்லி வளத்தபடி நிக்கிறான். நல்ல புள்ள" என்றார். மறுநாள் காலையில், "நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்கானா? இன்னொரு தரம் வாசி" என்றார். அதற்குப் பிறகு தினமும் வாசிக்கச் சொன்னார். தினமும் வாசித்தேன்.

சித்திரைக்கு முன்னால் நான் போட்ட கடிதத்துக்கு, போஸ்ட்மாஸ்டரை விலாசம் எழுதச் சொல்கிறேன் மாமா, என்றேன். கேட்கவில்லை. "நான்தான் எழுதுவேன். எங்கையி எப்படி ஆயிருச்சுன்னு அவன் பாக்கட்டும். பாத்தா வந்துருவான்" என்று என் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எழுதினார். நடுவில் இரண்டு தரம் படுத்து எழுந்தார். அதற்கு நீங்கள் போட்ட பதில் வந்தபோது, கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்ததை விட்டுவிட்டு வாசித்தேன். "எம் எழுத்தப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?" என்றார். இல்லை மாமா என்றேன். அதற்குப் பிறகு உங்களைப் பற்றி அவர் பேசவில்லை. நாலாம் நாள் போய்விட்டார்.

நேற்று உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனேன். மாமா, அவருக்குக் கடிதம் போய்ச் சேரவே இல்லை, அவருக்குத் தெரியவே தெரியாது என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மறுபடியும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் நம்பமாட்டார். நீங்கள் திருச்சி காலேஜில் படித்த நாளிலிருந்து, கடிதம் வரவில்லை என்றால், தபால் தாமதம் மாமா, பரீட்சை நேரம் மாமா, என்று சாக்குச் சொன்னவள் நான்தானே. "நீ எப்பவும் அவனுக்குப் பரிஞ்சுதான் பேசுவ" என்பார். நேற்றும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

படிப்பை முடித்துவிட்டு வாருங்கள். வந்து நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் எடுபடாது.

தங்கள்,
அம்சவள்ளி